கடைசி நொடியில் தட்டிய காசு

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். பழைய டயர் விற்றே மாடி வீடு கட்டினேன். என் சம்சாரம் தையல்காரி. பதிவுக்கு ஓட்டு விழுந்தால் கிரிப்டோ காசு தருகிற வலைத்தளம் ஒன்றில், சட்டை வெட்டும் விதத்தை எழுதுகிறாள். காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிற 'பாட்' என்ற தானியங்கிக்கு அவள் சேர்த்த காசை அனுப்புவது மட்டும் என் பொறுப்பு.

போன தடவை முந்திக்கொண்டு அனுப்பினேன். பின்னால் வந்த பெரிய கைகள் அள்ளிக் கொட்ட, பாட் அந்தச் சுற்றுக்கான தன் ஓட்டை, போட்ட காசுக்குத் தக்கபடி எல்லோருக்கும் பங்கு போட்டது. எங்களுக்குப் பாதிக்காசுகூடத் தேறவில்லை. அவள் எழுதிச் சேர்த்ததில் இப்போது கையில் மிச்சம் இருப்பது கொஞ்சம் காசுதான்.

அதனால் இன்று சுற்று முடிகிற நேரம் வரட்டும் என்று காத்திருந்தேன். உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

"ஏங்க, என் மெஷின்கூட இப்படி ஆடாது. காலை நிறுத்துங்க."

"சும்மா இரு. கூட்டம் எவ்வளவுன்னு பாக்கிறேன்."

கடைசி நேரத்தில் ஒருவன் பெரிய தொகையாகப் போட்டான். நான் அனுப்பவில்லை. அடுத்த சுற்றில் ஆளே இல்லை. முடியப்போகிற நொடியில் தட்டினேன். விழுந்த ஓட்டின் மதிப்பு போட்டதைவிட நன்றாகவே ஏறி நின்றது. டயர் ஏலத்தில் பழகிய கை ஏமாறுமா?

"எல்லாம் சரி, யாராச்சும் படிச்சாங்களா?" என்றாள்.

பார்த்தேன். ஒருவரும் இல்லை. நானே படித்திருக்கவில்லை. அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.