சாரலுக்குக் கட்டிய கூண்டு வண்டி

அன்று குற்றாலத்தில் அந்தத் தென்னந்தோப்பில் இருந்தவர்கள் நான், என் மனைவி, என் அண்ணன், வண்டிக்கார அண்ணாச்சி, அவருடைய இரண்டு காளைகள். வேறு யாரும் இல்லை.

அண்ணி இறந்தபின் அண்ணனுக்குத் தூக்கம் போய்விட்டது. கண்ணை மூடுவார், உடனே எழுந்து உட்கார்ந்துகொள்வார். பேச்சும் தடுமாறத் தொடங்கியது. குற்றால அருவியில் ஒரு மண்டலம் தலை கொடுத்தால் தெளியும் என்றார் வைத்தியர். ஆடிச் சாரல் நேரம், அறை வாடகை எங்களுக்குக் கட்டாது. கீழப்பாவூரிலிருந்து ஒரு கூண்டு வண்டியை அமர்த்தி, தோப்பில் நிறுத்தி, அதையே வீடாக்கிக்கொண்டோம். மனைவிக்கு மட்டும் தோப்புக்காரர் வீட்டில் படுக்க இடம் கிடைத்தது.

என் படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது; கவலை நிற்கவில்லை. அருவியில் நனைந்த உடம்பில் குளிர் ஏறினால் அண்ணன் தாங்குவாரா? கூண்டின்மேல் மெழுகுத்துணி போர்த்தினேன். முன்னும் பின்னும் சாக்கைத் தைத்துத் தொங்கவிட்டேன். இண்டு இடுக்கிலெல்லாம் பழந்துணி திணித்தேன். ராத்திரி அண்ணனும் நானும் உள்ளே படுத்தோம்.

விடிந்து பார்த்தால் உள்ளே மூங்கில் வளைவுகளிலிருந்து நீர் சொட்டுகிறது. அண்ணன் ஈரப் போர்வையோடு விழித்து உட்கார்ந்திருக்கிறார். வெளியே தூறல்கூட இல்லை.

“துணியில ஓட்டை போலிருக்கு,” என்றேன்.

மனைவி உள்ளே தலையை விட்டுப் பார்த்தாள். “ஓட்டையா? ஓட்டையே இல்லாததுதான் கேடு. ரெண்டு ஆளு விட்ட மூச்சு எங்கன போகும்? இட்லிக் கொப்பரையில வச்சுல்லா அவிச்சிருக்கீங்க!”

“இன்னும் கொஞ்சம் விட்டா வெந்திருப்பாரு, தாயி,” என்று சிரித்தார் வண்டிக்காரர்.

சாரல் மலைப்பக்கமிருந்து அடிக்கும். வண்டியின் முதுகு அந்தப் பக்கம் இருக்கும்படி திருப்பி நிறுத்தச் சொன்னாள். அண்ணனை வண்டிக்காரரோடு அருவிக்கு அனுப்பிவிட்டு, முன்பக்கச் சாக்கின் உச்சியில் கையகலம் கிழித்தாள்.

“ஏட்டி, காத்து வந்துருமே!”

“வரட்டும். அதுக்குத்தான் கிழிக்கேன்.”

மெழுகுத்துணிக்குக் கீழே வைக்கோல் பரப்பினாள். தரைப் பலகையில் இன்னும் கனமாக வைக்கோல், அதன்மேல் கோரைப்பாய், ஜமக்காளம். உமி நெருப்புச் சட்டியை உள்ளே வைத்துச் சூடேற்றி, அண்ணன் வருமுன் வெளியே எடுத்துவிட்டாள். நான் வாய் பார்த்து நின்றேன்.

“ஈன்ன பசுவுக்கு எங்க வீட்டுல இப்படித்தான் இடம் பண்ணுவோம். உங்க அண்ணன்கிட்டச் சொல்லிராதீங்க.”

அண்ணன் நடுங்கிக்கொண்டு வந்தார். சுடுகஞ்சி குடித்துவிட்டு உள்ளே நுழைந்தார். “ஏலே, கதகதன்னு இருக்கே,” என்ற குரல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை. சாக்கை விலக்கினேன். வாய் திறந்தபடி கிடந்தார். மூச்சு இருக்கிறதா? தொட்டுப் பார்க்கப் போன என் கையை அவள் பிடித்துக்கொண்டாள்.

“எழுப்புனீங்க, உங்களை அருவியில தள்ளிருவேன். அவரு தூங்குதாரு.”

அப்போது வண்டிக்காரர் வந்தார். காளைகளோடு பேசும் அதே உரத்த குரலில், “தம்பி, வாடகை...” என்று தொடங்கினார். அவள் உதட்டில் விரல் வைத்துக் கூண்டைக் காட்டினாள். அவர் எட்டிப் பார்த்தார். பிறகு போய்க் காளைகளின் கழுத்துச் சலங்கைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து மடியில் கட்டிக்கொண்டு, மெல்ல நடந்து வந்து என் காதருகே குனிந்தார்.

“பாக்கி மூணே கால் ரூவா, தம்பி.”