சத்தம் போடாத பொம்மைகள்

மழலைப் பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிற வாரம் வந்துவிட்டால் அந்தப் பொம்மைக்கடையில் நிற்க இடமிருக்காது. எவ்வளவு கூட்டமிருந்தாலும் பாதிப் பேர் அக்கா இல்லையா என்றுதான் கேட்பார்கள். அக்கா என்பவள் மாடியில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பகுதியில் நிற்கிறவள். குழந்தைக்கு என்ன வயது என்று கேட்கமாட்டாள். எதைத் தூக்கி எறிகிறது, எதை விடமாட்டேன் என்கிறது என்று கேட்பாள். எறிகிற பிள்ளைக்குத் துணிப்பந்து, அடுக்குகிற பிள்ளைக்கு மரக்கட்டை, கேள்வி கேட்டே உயிரை எடுக்கிற பிள்ளைக்குப் படப்புத்தகம். பெட்டியின் மேல் ‘அறிவை வளர்க்கும்’ என்று போட்டிருப்பதைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டியா வளர்க்கப் போகிறது?

ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரே கேள்வியில் எடை போடுகிறவளுக்குத் தன் மகள் விஷயத்தில் பயம். மகளுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது. அம்மா என்று ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை. பள்ளி வேன் ஓட்டுகிற புருஷன் அதைச் சிரித்தே மழுப்புவான். தானும் நாலு வயதில்தான் வாயைத் திறந்தானாம். அதற்கப்புறம் மூடவே இல்லையே என்று இவளும் காலை வாரிவிடுவாள். சிரித்து ஓய்ந்ததும் மகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சு தாமதமானால் பரவாயில்லை, பிள்ளைக்குக் காதே கேட்கவில்லையோ என்பதுதான் அவளை அரித்தது. வாய்விட்டுச் சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று ஒரு வருஷமாக மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள்.

ஆறுதலுக்கு ஒன்றே ஒன்று இருந்தது. அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிவீடு, பலகைத் தரை. சாயங்காலம் அவன் வாசலில் வந்து நின்று ஷூவைத் தொம் தொம்மென்று உதைப்பான். முதுகைக் காட்டி விளையாடிக்கொண்டிருக்கிற குழந்தை சட்டென்று திரும்பி ஓடும். கேட்கிறது பார், நீதான் பைத்தியம் மாதிரி கண்டதையும் நினைக்கிறாய் என்று தன்னைத்தானே திட்டிக்கொள்வாள். அந்த ஓட்டத்தைப் பார்த்த இரவுகளில் கொஞ்சம் தூக்கம் வரும்.

அன்றைக்கு வெல்டிங் பட்டறைக்காரர் ஒருவர் மாடியேறி வந்தார். சட்டையெல்லாம் தீப்பொறி பட்ட ஓட்டைகள். தங்கை மகளுக்குப் பரிசு வேண்டும், மூன்று வயது, காது கேட்காத பிள்ளை என்றார்.

அவளுக்குத் தன் மகள்தான் நினைவுக்கு வந்தாள். ஆனாலும் பழகிய கை, தானாக வேலை செய்தது. கோர்க்கிற மணி, மரப்புதிர், வண்ணக்கட்டை, படஅட்டை, களிமண் டப்பா என்று எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டுப் பார்த்தாள்.

அவள் வீட்டில் இருக்கும் மகளின் பொம்மை அலமாரி அப்படியே அங்கே உட்கார்ந்திருந்தது. ஒரு சாமான் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிலுகிலுப்பை இல்லை, ஊதல் இல்லை, பாடுகிற பொம்மை இல்லை. கடையில் வேலை செய்கிற, பிள்ளை உள்ளவர்களுக்கு ஒவ்வொரு விடுமுறைக்கும் ஒரு பொம்மை உண்டு. ஒவ்வொரு தடவையும் தான் எதை எடுத்தோம், எந்தத் தட்டுப் பக்கமே போகாமல் தப்பித்தோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பட்டறைக்காரர் எல்லாவற்றையும் ஒதுக்கித் தள்ளினார்.

“இதெல்லாம் வீட்ல மலை மாதிரி கிடக்குக்கா. காது கேக்காதுன்னு சொன்னாலே எல்லாரும் இதையேதான் எடுத்துத் தர்றாங்க. சீக்கிரமே கண்டுபிடிச்சு காதுல மெஷின் மாட்டிட்டோம், இப்ப என்னை மாமான்னு கூப்பிடறா. நல்லா சத்தம் போடறதா ஒண்ணு குடுங்க.”

சீக்கிரமே என்ற வார்த்தை அவளைச் சுட்டது. ஒரு குட்டி டிரம்மைக் கட்டி அவரிடம் கொடுத்தாள். அதே மாதிரி இன்னொன்றைத் தனக்கென்று எடுத்து வைத்தாள்.

வீட்டில் அவன் முன்னாலேயே வந்து அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தான். குழந்தை கட்டிலில், கனத்த மெத்தைமேல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து மணி கோர்த்துக்கொண்டிருந்தது. அவள் கட்டிலைத் தொடாமல் பின்னால் நின்று டிரம்மைக் கையில் தூக்கிப் பிடித்தாள். குச்சியை ஓங்கிய கை இறங்க மறுத்தது. திரும்பிவிடு தங்கம், திரும்பிவிடு என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடித்தாள். அடுப்படியில் ஏதோ உருண்டு விழுந்தது. குழந்தை ஒரு சிவப்பு மணியை எடுத்துக் கோர்த்தது. மறுபடி ஓங்கி அடித்தாள். அடுத்தது நீல மணி.

அவன் ஓடிவந்து கதவருகில் நின்றுவிட்டான்.

“அவளுக்குக் கேக்கலைங்க” என்றாள். ஒரு வருஷமாகப் பயந்த வார்த்தை அவ்வளவு சின்னதாக வெளியே வந்தது.

“தெரியும்” என்றான் அவன்.

அவளுக்குப் புரியவில்லை. தெரியுமென்றால் எப்படி, நீங்கள் வந்தால் ஓடி வருகிறாளே என்று அவன் சட்டையைப் பிடித்துக் கேட்டாள்.

“கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், திரும்பல. தரையை உதைச்சா அதிர்வுல திரும்பறா. அதான் தினமும் உதைச்சுட்டு வர்றேன். அவ ஓடி வரும்போது உன் முகத்துல ஒரு நிம்மதி வரும். அதைக் கெடுக்க பயமா இருந்துச்சு.”

ஆளுக்கொரு பயத்தை ஒளித்து வைத்துக்கொண்டு, ஒரே வீட்டில் ஒரு வருஷம் சிரித்திருக்கிறார்கள். அவனைத் திட்ட வாயெடுத்தாள். எந்த முகத்தோடு திட்டுவது? நாளைக்கு வேனை வேறு யாரையாவது ஓட்டச் சொல்லுங்கள், காலையில் முதல் ஆளாக டாக்டரிடம் போக வேண்டும் என்றாள். அவன் தலையாட்டினான். டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயம் இப்போது இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது.

அதற்குள் குழந்தை திரும்பி டிரம்மைப் பார்த்துவிட்டது. இறங்கி வந்து அதன்மேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்து, அடி என்று சாடை காட்டியது. அவள் அழுதுகொண்டே அடித்தாள்.