எல்லாமே நல்லாருக்கு வாப்பா

எங்கே சாப்பிடுவது என்று உட்கார்ந்து யோசிப்பதும் ஒரு பாடுதான். ஊரிலிருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். சிராங்கூன் ரோட்டுக் கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்குப் புரியும். பன்னிரண்டு வருடமாகத் துணிக்கடைக்குப் பின்சந்தில் ஒரே மெஸ்ஸில், வைத்ததைத் தின்று எழுந்து போனவன் நான். எண்பதுகளின் தொடக்கத்தில், பள்ளி விடுமுறைக்கு என் பிள்ளைகள் இருவரும், சரக்கு வாங்க வந்த அவர்கள் மாமாவோடு கப்பலேறி வந்தார்கள். இத்தனை பெரிய பட்டணத்தில் வயசுப் பிள்ளைகள் குஷியாகச் சாப்பிட ஓர் இடம்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

மகள் ஜமீலாவுக்குப் பதினாறு வயது, மகன் ஹமீதுக்குப் பதினாலு. கடை மாடியில் மற்ற ஆண்களோடு பாய் விரித்துப் படுப்பவன் அவர்களை எங்கே தங்கவைப்பது? பிடோக்கில் குடும்பத்தோடு இருக்கும் நண்பர் வீட்டில் விட்டிருந்தேன். தினமும் பஸ் பிடித்துப் போய், அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொந்தப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கிளம்புவேன். அதிலேயே பாதி உயிர் போய்விடும்.

கடையில் என்னோடு வேலை பார்த்த செல்வம் இங்கேயே பிறந்தவன். அவனிடம் யோசனை கேட்டேன். "டீனேஜ் பிள்ளைங்கள இங்கேயே சுத்த விட்டா போரடிக்கும் லா. ஆர்ச்சர்ட் ரோட் கூட்டிட்டுப் போங்க பாய். பர்கர், ஐஸ்கிரீம், ஏர்கான்... ஜாலியா இருப்பாங்க" என்றான்.

போனோம். முக்காடு போட்ட மலாய்ப் பெண்கள் உள்ளே சாப்பிடுகிறார்களா என்று கண்ணாடி வழியே பார்த்துவிட்டுத்தான் பர்கர் கடைக்குள் நுழைந்தேன். ஹலால் என்பதற்கு எனக்கு அதுதான் அத்தாட்சி. "எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாருக்கு வாப்பா" என்றார்கள் இருவரும். மறுநாள் கடலோரச் சாத்தே கடைகள். புகை, காற்று, குச்சி குச்சியாய்ச் சுட்ட இறைச்சி, தொட்டுக்கொள்ள வேர்க்கடலைக் குழம்பு. "நல்லாருக்கு வாப்பா." பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வந்தால் பிள்ளைகள் பதில் சொல்வார்களே, அந்தக் குரல். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் பெரிய இடமாகத் தேடினேன். என் பிள்ளைகள் என்னிடம் ஒன்று கேட்க வேண்டும், அடம் பிடிக்க வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது.

எங்கள் கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் பிழைப்பவனைச் சபுராளி என்பார்கள். சபுராளி லீவில் வந்தால் வீட்டின் நடப்பே மாறிவிடும். வஞ்சிரத்தின் நடுத்துண்டு என் தட்டுக்கு வரும். பிள்ளைகள் சண்டையைக் கொல்லைப்புறத்தில் வைத்துக்கொள்வார்கள். என் மனைவி பக்கத்திலேயே நின்று பரிமாறுவாள், நான் எழுந்த பிறகுதான் உட்காருவாள். சொந்த வீட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைப்பதைப் பெருமை என்றே நினைத்திருந்தேன்.

மூன்றாம் நாள் ஐஸ்கிரீம் பார்லர். பரிமாற வந்த சீனப் பெண் சிரித்துக்கொண்டே, "அங்கிள், டூரிஸ்ட் ஆ?" என்றாள். "தே டூரிஸ்ட். மீ, நோ" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. "தென் தே யுவர் கெஸ்ட், லா" என்றாள். அப்படியென்றால் அவர்கள் என் விருந்தாளிகளாம். விளக்கம் சொல்லத் தெம்பில்லாமல் தலையாட்டிவிட்டேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் ஹமீது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். எனக்குக் கால் விண்விண்ணென்று வலித்தது. "வாப்பா, நீங்க டெய்லி எங்க சாப்பிடுவீங்க?" என்று கேட்டான் ஹமீது. "அது பொம்பளைங்க வர்ற இடமில்லடா" என்றேன். "நானும் வருவேன்" என்றாள் ஜமீலா. வந்து இறங்கியதிலிருந்து அவள் பிடித்த முதல் அடம் அது.

மறுநாள் கூட்டம் கலைந்தபின் மெஸ்ஸுக்கு அழைத்துப் போனேன். அலுமினியத் தட்டில் சோறும், ஆணம் என்று நாங்கள் சொல்லும் மீன் குழம்பும் வந்தன. ஜமீலா ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தாள். "என்ன வாப்பா இது, ஒரே புளிப்பு! வாயில வைக்க முடியல. இதையா இத்தன வருஷமா சாப்பிடுறீங்க?" ஹமீதும் சேர்ந்துகொண்டான்: "மீனும் வேகல." எனக்கு அப்படியொரு சந்தோஷம். பிள்ளைகள் என்னிடம் குறை சொல்கிறார்கள்! "உங்க உம்மா ஆணத்துக்கு முன்னாடி இதெல்லாம் நிக்குமா?" என்றேன் உற்சாகமாக.

ஜமீலா சோற்றைப் பிசைந்தபடியே, "நீங்க ஊர்ல சாப்பிடும்போது 'நல்லாருக்கு'ன்னு மட்டுந்தான் சொல்வீங்க வாப்பா. பர்கர் கடையில நாங்க சொன்னோமே, அதே மாதிரி" என்றாள். "உம்மா அத நம்பவே மாட்டாங்க. நீங்க கப்பல் ஏறினதும், வாப்பாக்கு இன்னும் என்ன சேத்திருந்தா புடிச்சிருக்கும்னு எங்ககிட்ட கேப்பாங்க."

மெஸ்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாய், பிள்ளைங்களுக்குப் புடிச்சுதா?" என்றார். ஜமீலா தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தாள். அவள் வைத்த மிச்சத்தை என் பக்கம் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். புளிப்பு நாக்குக்கு இதமாகத்தான் இருந்தது. ஊரில் அவள் உம்மா வைக்கும் ஆணத்தில் எனக்குக் குறையாகத் தெரிந்தது அந்தப் புளிப்புத்தான்.