குழாயை மூடிய பீப்பாய்

சமையலறையில் ஏதோ தடதடவென்று உருண்டு சுவரில் மோதியது.

"ஐயோ, என் மாவு ஜாடி!" என்று கெசையா அலறினாள்.

முன்னறையில் தேர்தல் முடிவுக்காகக் காத்திருந்த அவள் கணவர், மேயர் எஸ்ரா, தலை நிமிர்ந்தார். உருள்வது பீப்பாய் என்று சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அநாதையாக ஒஹையோ ஆற்றுத்துறையில் வந்து இறங்கி, பீப்பாய் செய்து பிழைத்தவர் அல்லவா!

அதைப் பின்வாசல் வழியாக உருட்டிக்கொண்டு வந்தவர் பர்னபாஸ், மூன்றாவது வார்டில் 'மின்னல்' என்ற தீயணைப்புக் குழுவின் தலைவராக இருந்தவர். எஸ்ராவும் முன்பு அதே குழுவில் சிவப்புச் சட்டை போட்டுத் தீயணைத்தவர். அந்தக் குழுதான் அவரைத் தோளில் தூக்கி மேயராக்கியது.

முன்பெல்லாம் மார்ஸ்டன் நகரில் தீ மணி அடித்தால், முதலில் தண்ணீர் பாய்ச்சும் பெருமைக்காக ஒவ்வொரு குழுவும் முதலில் ஓர் ஆளைப் பீப்பாயோடு ஓடவிடும். அவன் அதைத் தெருக்குழாய்மேல் கவிழ்த்து, தன் குழு வரும்வரை உட்கார்ந்திருப்பான். வேறு குழு வந்தால் அடிதடி. வீடு பாட்டுக்கு எரியும்.

மேயரானதும் எஸ்ரா அந்தக் குழுக்களைக் கலைத்தார். தண்ணீர் பாய்ச்சும் நீராவி வண்டி வாங்கி, சம்பளத்துக்கு ஆள் வைத்தார். "துரோகி!" என்று பர்னபாஸ் அவர் காலடியில் துப்பினார். அந்த வார்டு கைவிட்டால் எஸ்ராவுக்குத் தோல்விதான்.

போன மாதம் மணி அடித்ததும், குழு கலைந்ததையும் மறந்து பர்னபாஸே பீப்பாயோடு ஓடினார். தெருமுனைக் குழாயை மூடி உட்கார்ந்தார். நீராவி வண்டி தண்ணீரில்லாமல் நின்றது. எரியும் வீடு தெரு வளைவுக்கு அப்பால் மறைந்திருந்தது; அங்கிருந்து எஸ்ரா ஓடி வந்தார்.

"டேய், எரியறது உன் வீடுடா! மாடியில உன் மக லிடியா!"

ஆளையும் பீப்பாயையும் சேர்த்து உதைத்துத் தள்ளினார். தண்ணீர் சீறிப் பாய்ந்தது. லிடியா பிழைத்தாள். அன்றிலிருந்து பர்னபாஸ் எஸ்ராவின் கண்ணிலேயே படவில்லை.

இப்போதுதான் வந்திருக்கிறார்.

"என்னடா, நான் தோக்குறத வேடிக்கை பாக்க வந்தியா?" என்றார் எஸ்ரா.

"வாய மூடு. இந்தப் பீப்பாய யாரு செஞ்சதுன்னு ஞாபகம் இருக்கா?"

"நான்தான். உன் கல்யாணத்துக்குக் கொடுத்தேன், ஆப்பிள் சாறு ஊத்தி வைக்க. நீதான் மேல ஏறி உக்காந்துட்ட!"

கெசையா களுக்கென்று சிரித்தாள். பர்னபாஸ் தொப்பியைக் கழற்றினார்.

"மூணாவது வார்டு எண்ணியாச்சு. பீப்பாய் மேல உக்காந்த பயலுங்க ஒருத்தன் விடாம உனக்குத்தான் சீட்டுப் போட்டானுங்க. நான்தான் இழுத்துட்டுப் போனேன். ஜெயிச்சுட்டடா, மேயரே!"

தெருவில் பித்தளை வாத்தியங்கள் முழங்கின. எஸ்ராவின் கண்கள் பொங்கி வழிந்தன.

"சாப்பிட்டுட்டுப் போங்கண்ணே," என்றாள் கெசையா.

"லிடியா காத்திருக்காம்மா. பீப்பாய் இங்கயே கிடக்கட்டும். அவ கல்யாணத்துக்குச் சாறு ரொப்பி அனுப்புங்க."

தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு பர்னபாஸ் படியிறங்கினார். பீப்பாய் செய்து காய்த்துப்போன கையால், எஸ்ரா மெல்லக் கதவைச் சாத்தினார்.