மதில் சுவரில் நான் வைத்த வழிகள்

மாட்டுங்கா அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு நாம் மட்டும் ஏன் போகவில்லை என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "அப்பாகிட்டயே கேளுங்க" என்று அம்மா தள்ளிவிட்டாள். வாயால் சொன்னால் எனக்குக் கோபம் முந்திக்கொண்டு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். பரவாயில்லை, மெதுவாகப் படியுங்கள்.

அண்ணாச்சி நம் ஊர்ப்பக்கத்துக்காரர். தாராவியில் நான் கிரில் பட்டறை போட்ட புதிதில் தன் மளிகைக் கடை ஷட்டரைச் செய்யக் கொடுத்தவர். பட்டறையில் நடந்த முதல் வேலை அதுதான். அதற்குப் பிறகு அவர் சொன்ன எந்த வேலைக்கும் நான் எழுத்தில் எதுவும் கேட்டதில்லை. நம் ஆட்கள் யாரும் கேட்க மாட்டோம். ஊர்க்காரர் வாயால் சொன்னால் போதும்.

மும்பைக்கு வெளியே, கர்ஜத் தாண்டி மலையடிவாரத்தில் அவருக்கு ஒரு பண்ணை உண்டு. மாமரம், பங்களா, பெரிய குளம், சுற்றிலும் ஆள் உயரத்துக்கு மதில். ஒரு நாள் பட்டறைக்கே வந்து, "டே தம்பி, பண்ணைக்கு ஒரு சர்டிபிகேட் வாங்கப் போறேன்" என்றார். காட்டு உயிர்களுக்கு இடம் கொடுத்து நடத்தும் தனியார் பண்ணைகளுக்கு ஒரு சங்கம் கொடுக்கிற சான்றிதழாம். விஷம் வைக்கக் கூடாது. ஒரு ஓரம் புல்லை வெட்டாமல் விட வேண்டும். ராத்திரி விளக்கைக் குறைக்க வேண்டும். மலையிலிருந்து இறங்கும் பிராணிகள் குளத்துக்கு வர மதிலில் வழி விட வேண்டும்.

"கவர்மெண்ட் ரூலா அண்ணாச்சி?"

"ரூலும் இல்ல, ஒண்ணும் இல்லடே. நாமளா இஷ்டப்பட்டு சேருதது. சம்பாதிச்சாச்சு, நாலு வாயில்லா சீவன் தண்ணி குடிச்சிட்டுப் போகட்டுமே."

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. கட்டாயத்துக்குச் செய்கிறவனைவிட மனசாரச் செய்கிறவன்தான் பெரிய மனுஷன் என்று அன்று வீட்டுக்கு வந்து உங்களிடமும் சொன்னேன். நினைவிருக்கிறதா?

மதிலின் அடியில் அங்கங்கே உடைத்து, காட்டுப்பன்றி நுழையும் அளவுக்கு இரும்புச் சட்டம் வைத்தேன். எந்தப் பிராணியின் தோலும் கிழியக் கூடாதென்று ஓரங்களை அரத்தால் ராவி, கையால் தடவிப் பார்த்துப் பார்த்துப் பொருத்தினேன். பன்றிக்கு இவ்வளவு நேர்த்தி எதற்கு என்று கொத்தனார் கேலி செய்தார். "பொண்ணு பாக்க வருது போல" என்றார்.

ஆனால் மலைக்கும் மதிலுக்கும் நடுவில் இன்னொருவர் நிலம் இருந்தது. அவர் அந்த ஊர் விவசாயி. நெல் அறுத்த பிறகு சர்க்கரைவள்ளிக் கிழங்கும் அவரையும் போடுவார். பன்றி வராமல் இருக்க மலைப் பக்கம் நீளத்துக்கும் முள் வெட்டிப் போட்டிருந்தார். அதை விலக்கி ஒரு தடம் விடச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி என்னை அனுப்பினார். "நீதான் பாந்தமா பேசுவ. போய் முடிச்சிட்டு வா."

அந்த விவசாயி பேசியது மராத்தி. நம் பேச்சில் எழுதுகிறேன்; 'அண்ணே' மாதிரி அவர் கூப்பிட்ட 'பாவு'வை மட்டும் அப்படியே விடுகிறேன்.

"முள்ள எடுத்தா என் கெழங்கு போயிடும் பாவு. எனக்கு இருக்கறதே இந்த நெலந்தான்."

"போகாது. அதுங்களுக்கு வேண்டியது தண்ணி. மதில்ல வழி இருந்தா நேரா குளத்துக்குப் போயிடும். ஒங்க வயல்ல நிக்காது."

"வழிய நாளைக்கு அடைச்சிட்டா?"

"அடைக்க மாட்டாரு. எங்க ஊர்க்காரரு. அவர் வாக்கு என் வாக்கு."

அவர் எழுந்து மலைப் பக்கம் நடந்தார். பிறகு முள்ளை விலக்கினார். ஓரமாக ஒரு கீற்று நிலத்தையும் உழாமல் விட்டார். அந்த வருஷம் நான் சொன்னபடியே நடந்தது. சங்கத்திலிருந்து பார்க்க வந்தவர்களிடம் அந்த விவசாயியே முன்னால் வந்து, "வருது, குடிக்குது, போகுது. என் கிழங்கைத் தொடல" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் சான்றிதழ் கிடைத்தது என்று அண்ணாச்சியே சொன்னார். வாசலில் பச்சை போர்டை மாட்டியதும் நான்தான்.

அடுத்த கிழங்குப் பருவத்தில் அந்த விவசாயியிடமிருந்து போன் வந்தது. "வந்து பாரு பாவு."

போய்ப் பார்த்தேன். வயல் முழுக்க உழுது போட்ட மாதிரி கிடந்தது. கிழங்கெல்லாம் பாதி கடித்தும் மிதித்தும் சிதறியிருந்தது. மதில் பக்கம் போனால், நான் வைத்த சட்டம் ஒவ்வொன்றிலும் செங்கல் வைத்துப் பூசியிருந்தது. பழகிய தடத்தில் இறங்கி வந்த பன்றிகள் சுவரில் முட்டி, தண்ணீர் கிடைக்காமல், திரும்பி வயலுக்குள் புகுந்திருக்கின்றன.

அப்படியே ரயிலேறி நேராக மாட்டுங்கா கடைக்குப் போனேன்.

"அண்ணாச்சி, வழிய அடைச்சிட்டியளே."

"பின்ன என்னடே செய்ய? பங்களாவ வாடகைக்கு விடுதோம்லா. வந்தவன் நாய்க்கு மூஞ்சி பூரா முள்ளு. நீ வச்ச வழில வந்த முள்ளம்பன்றி! அவன் பொண்டாட்டி போட்ட கூப்பாட்டுல நானே ஒக்காந்து புடுங்கினேன்." கல்லாவில் இருந்த அவர் மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப போர்டயும் கழட்டிருங்க."

"போர்டப் பாத்துத்தாண்டே ஆளே வாரான்!"

"மறுபடி செக் பண்ண வருவாங்கல்லா?"

"அதுக்குத்தான் ஒன்னக் கூப்பிடணும்னு இருந்தேன். பூசினத ஒடச்சிட்டு, ஒவ்வொண்ணுக்கும் கீல் வச்சு ஒரு கதவு போட்டுரு. அவங்க வார அன்னைக்குத் தொறந்து வைப்போம். போனதும் மூடிருவோம். என்ன முழிக்க? வேலைதானடே தாரேன்."

"அந்த வெவசாயிக்கு நான் என்ன சொல்ல அண்ணாச்சி?"

"அவங்கிட்ட நானா பேசினேன்? நீதான பேசின."

தானே போகாமல் என்னை எதற்கு அனுப்பினார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொடுத்த வாக்கு அவருடையது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அங்கே போய் நின்ற முகம் என் முகம். எனக்காகச் சொல்லியிருந்த காப்பி வந்தது. குடிக்காமல் படியிறங்கினேன்.

சங்கத்துக்குச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போன் பண்ணிச் சொன்னேன். உரிமையாளரிடம் பேசிப் பார்க்கிறோம் என்றார்கள். மிஞ்சிப் போனால் போர்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். சுவரைத் திறக்கச் சொல்ல அவர்களுக்கு அதிகாரம் கிடையாது. அவராக இஷ்டப்பட்டுச் சேர்ந்ததுதானே.

ஞாயிற்றுக்கிழமை பட்டறையிலிருந்த கம்பி வலை, ஆங்கிள் இரும்பு எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு அந்த விவசாயி வீட்டுக்குப் போனேன். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். திட்டவில்லை. "உன் ஊர்க்காரர் சவுக்கியமா?" என்று கேட்டார். திட்டியிருக்கலாம்.

இரண்டு பேரும் மலைப் பக்கம் குழி தோண்டிக் கம்பம் நட்டோம். உழாமல் விட்டிருந்த கீற்றின் மலையோர முனையில் வலையை இழுத்துக் கட்டும்போது, கீழே ஈர மண்ணில் சின்னதும் பெரியதுமாகக் குளம்புத் தடங்கள். குட்டிகளோடு வந்திருக்க வேண்டும். அவரும் பார்த்தார்.

"மழை வர்ற வரைக்கும் இதுங்க தண்ணிக்கு எங்க போகும் பாவு?"

தெரியவில்லை என்றேன். அவர் வலையின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார். நான் கம்பியை முறுக்கினேன்.