ஸ்பாஞ்சு படாத மூலை

அஷ்ஃபாக் பாய் தன் ஜீப்பைக் கொண்டுவந்து எங்கள் பட்டறையில் நிறுத்தியதும் என் அண்ணன் குருமூர்த்தி சிரித்துவிட்டான். பழைய டீசல் ஜீப். அதன் பச்சைப் பெயிண்ட் முழுக்க முள் கீறிய கோடுகள்.

"என்னா பாய், புலியோட சண்ட போட்டீங்களா?"

"வேலிக்காத்தான் முள்ளுண்ணே. ஏரிக்குள்ள எறங்கி ஏறுனா இதான் கதி. எத்தினி தடவதான் பெயிண்ட் அடிக்கிறது?"

முகம்மது அஷ்ஃபாக் மங்கலம்பேட்டைக்காரர். வளைகுடாவில் சுற்றுலா வந்தவர்களைப் பாலைவனத்துக்குள் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டியவர். இப்போது ஊரோடு வந்து டயர் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் அவரும் கூட்டாளிகளும் ஆளுக்கொரு ஜீப்பை எடுத்துக்கொண்டு நல்லூர்ப் பக்கத்து ஏரிகளில் சேறு, முள் என்று பாராமல் புகுந்து வருவார்கள்.

அவர் பின்சீட்டிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இறக்கினார். உள்ளே கறுப்புத் திரவம் நிறைந்த குப்பிகள், அதை இறுகவைக்கக் கலக்கவேண்டிய ஹார்டனர் டப்பாக்கள், தடித்த மூக்குள்ள ஒரு ஸ்பிரே கன், முகத்தை மூடும் மாஸ்க்.

"இது பெட்லைனருண்ணே. சரக்கு ஏத்துற பிக்கப் வண்டியோட தொட்டிக்குள்ள அடிக்கிறது. கல்லக் கொட்டுனாலும் கீறல் வுழாது. அங்க பாலைவனத்துல ஓட்டுற வண்டிக்கு பாடி முழுக்க இதையே அடிச்சிடுவாங்க. எனக்கும் அப்பிடித்தான் வேணும். பெயிண்ட்டே வாணாம்."

அண்ணன் ஒரு குப்பியைக் குலுக்கிப் பார்த்தான். "தாரு மாதிரி இருக்குது. ரோடு போடுறவன்கிட்ட போயிருக்கணும் பாய் நீங்க."

அவன் கிண்டலுக்குப் பின்னால் ஒரு சங்கடம் இருந்தது. அண்ணன் டிங்கரிங் ஆள். நசுங்கியதை நிமிர்த்துவான், ஓட்டையை அடைப்பான். கன் பிடித்து அடிக்கிற பெயிண்டர் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். நெய்வேலியில் ஒருவரை விசாரித்து வைத்திருந்தான். அவரை வரச்சொல்ல போனை எடுத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான் அடிக்கிறேன்."

மதியச் சோற்றுடன் வந்திருந்த என் அண்ணி. பெயர் பூங்கோதை.

அண்ணி பிறந்தது எங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற மங்களூர்ப் பக்கம், கம்பும் பருத்தியும் விளைகிற ஊர். பத்தாவது முடித்ததும் விருத்தாசலத்துக்கு வந்து பீங்கான் யூனிட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் வைக்கோல் சுற்றி பேக்கிங். பிறகு, ஒருமுறை சுட்டு எடுத்த ஜாடிகளை ஈர ஸ்பாஞ்சால் துடைக்கிற வேலை. அந்தச் சுட்ட சரக்கை அங்கே பிஸ்கட் என்பார்கள். அதில் தூசி இருந்தால் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சு பிடிக்காது; ஒரேயடியாகக் காய்ந்திருந்தாலும் சரியாகப் படியாது. ஈரத்தின் மினுமினுப்பு அடங்கிய அந்த நொடியில் கிளேஸ் அடிக்க வேண்டும். ஒருநாள் கன் பிடிப்பவர் வரவில்லை. லாரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. அண்ணி யாரையும் கேட்காமல் கன்னை எடுத்து ஒரு வரிசை ஜாடிக்கு அடித்துவிட்டார். சூப்பர்வைசர் ஓடிவந்து ஊசியால் கிளேஸைக் கீறிக் கனம் பார்த்தார். அடுத்த வரிசையை அண்ணி முன்னால் நகர்த்தி வைத்தார். அன்று பிடித்த கன்னை அண்ணி இன்னும் கீழே வைக்கவில்லை.

கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் பட்டறையிலும் அடிக்கவேண்டும் என்று ஆசை. பழைய பெயிண்டர் அடிக்கும்போது என் காதில் மட்டும் சொல்வார்: "பாரு பிரியா, கை நின்னு நின்னு போவுது. அதான் ஒழுவுது." அண்ணனிடம் கேட்டால், "பொம்மைக்கு அடிக்கிறதும் காருக்கு அடிக்கிறதும் ஒண்ணா?" என்று சிரித்துவிடுவான். இந்தத் தடவை, யூனிட்டில் கன் பிடிப்பதையும் சொல்லி, வாடிக்கையாளர் முன்னாலேயே கேட்டுவிட்டார்.

"அக்கா யூனிட்ல கன்னு புடிக்கிறவங்களா?" என்று அஷ்ஃபாக் பாய் நிமிர்ந்தார். "அப்புறம் என்னாண்ணே யோசன? வண்டிய சனிக்கெழம சாயங்காலம் எடுத்துக்குறேன். ஞாயித்துக்கெழம ஏரில எறக்கணும்."

அவர் போன பிறகு அண்ணன் அண்ணியைப் பார்த்து விரலை நீட்டினான்.

"இந்த ஒரு வண்டி. சொதப்புனன்னா நெய்வேலிக்காரரு வருவாரு. அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

"நல்லா வந்துச்சின்னா?"

"வரட்டும், பாப்போம்."

"பாப்போமுல்லாம் இல்ல. நல்லா வந்துச்சின்னா இந்தப் பட்டறையில கன்னு என்னுது."

அண்ணன் தலையாட்டினானா, கழுத்தைச் சொறிந்தானா என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அண்ணி அதைத் தலையாட்டலாகவே எடுத்துக்கொண்டார்.

நான் போன வருடம் வேதியியலில் பட்டம் வாங்கினேன். எங்கள் வீட்டில் முதல் பட்டம் அது. இப்போது போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். எதற்காகப் படிக்கிறேன் என்று நடுவில் சந்தேகம் வந்தால் புத்தகத்தை மூடிவிட்டுப் பட்டறைக்கு வந்துவிடுவேன். பெட்டியோடு வந்த ஆங்கிலக் குறிப்பை வாசித்துச் சொல்வது என் வேலையானது. எந்தத் தேர்வுக்கும் இவ்வளவு பரபரப்பாக நான் எதையும் படித்ததில்லை. பழைய பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கு, தின்னரால் துடை, பரப்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருக்கட்டும், ஹார்டனரைக் கலந்ததும் தாமதிக்காமல் அடி. மூன்று பேரும் தலையை ஆட்டிக்கொண்டோம். இதில் என்ன கஷ்டம்?

கார்த்திகை தீபம் முடிந்து யூனிட்டில் அகல் விளக்கு வேலை ஓய்ந்திருந்தது. வெள்ளிக்கிழமை அண்ணி லீவு சொன்னார். நானும் அவரும் ஜீப்பைத் தேய்த்தோம், கண்ணாடிக்கும் விளக்குக்கும் பேப்பர் ஒட்டினோம். அண்ணன் பானட்டைக் கழற்றி ஒரு ஸ்டாண்டில் வைத்தான். முதலில் அதை அடித்துப் பார்ப்பது என்று முடிவு. மழை விட்டும் வானம் மூடியே இருந்தது. அண்ணன் டீ குடிக்கப் போனான்.

அண்ணி பானட்டை விரலால் தடவினார். விரலில் தூசி. பழக்கம்போல யூனிட்டிலிருந்து கொண்டுவந்திருந்த ஸ்பாஞ்சை நனைத்துப் பிழிந்து, வளைத்து வளைத்துத் துடைத்தார். ஸ்டாண்டு சுவரை ஒட்டி இருந்ததால் இடப்பக்கத்துப் பின்மூலைக்கு மட்டும் கை எட்டவில்லை. மினுமினுப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். அடங்கியதும் மாஸ்க்கை மாட்டி, கலந்து குலுக்கிய குப்பியைக் கன்னில் திருகினார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார்.

கம்ப்ரெசர் உறுமியது. கன்னிலிருந்து கறுப்பு பூத்துப் பூத்து விழுந்தது. அண்ணியின் கை ஓரிடத்திலும் நிற்கவில்லை. ஓரத்துக்கு வெளியே தொடங்கி மறு ஓரத்துக்கு வெளியே முடித்தது. பாதி பானட் கறுத்தபோது அண்ணன் வந்துவிட்டான். வாசலிலேயே நின்று பார்த்தான். அடித்து முடித்தபோது மணல்மணலாக, ஒரே சீராக, ஒரு துளி ஒழுகல் இல்லாமல் பானட் கிடந்தது. நான் கைதட்டியேவிட்டேன்.

"பரவால்லியே," என்றான் அண்ணன். அவன் வாயிலிருந்து அது வருவது பெரிது.

அண்ணி மாஸ்க்கைக் கழற்றுவதற்குள் முதல் கொப்புளம் எழுந்தது.

பிறகு இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பணியாரக் குழியில் மாவு உப்புவதுபோல் பானட் முழுக்க உப்பிக்கொண்டு வந்தது. நான் ஊதிப் பார்த்தேன். அதற்கும் உப்பியது.

"முடிஞ்சிச்சி," என்றான் அண்ணன். "யூனிட்டா இருந்தா கழுவிட்டுத் திரும்ப அடிக்கலாம். இது கழுவுனா போவுமா? நான் நெய்வேலிக்குப் போன் போடுறேன்."

"இருங்க. சித்த இருங்க."

அண்ணி குனிந்து பானட்டையே பார்த்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையை உயர்த்திக் காற்றில் வளைத்தார். மறுபடி வளைத்தார். கொப்புளங்கள் அதே வளைவில், வரிவரியாக இருந்தன. இடப்பக்கத்துப் பின்மூலையில் மட்டும் ஒன்றுகூட இல்லை.

"இது ஸ்பாஞ்சு போன வழி," என்றார். "என் கைதான்."

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. குறிப்பை எடுத்து ஹார்டனரில் என்ன இருக்கிறது என்று பார்த்தேன். ஐசோசயனேட். தண்ணீரைத் தொட்டால் வாயு விடும். பரீட்சையில் இந்தச் சமன்பாட்டை எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். அம்புக்குறி போட்டு, வாயு என்பதற்கு மேல்நோக்கி ஒரு கோடும் போட்டேன். அந்தக் கோடு ஜீப் பானட்டில் இப்படிக் கொப்புளமாகக் கிளம்பும் என்று யார் கண்டது? படித்தது பொய்யில்லை என்று ஒரு சந்தோஷம், இந்த நேரத்திலா சந்தோஷப்படுவது என்று ஒரு வெட்கம். "அண்ணி, தண்ணிதான்! பிஸ்கட்டா இருந்தா உறிஞ்சிக்கும். தகரம் எங்க உறிஞ்சும்? மினுமினுப்பு போனாலும் ஈரம் மேலயே இருந்திருக்கு!" என்று கத்தினேன்.

"அப்ப தண்ணி படாம அடிச்சா நிக்கும்," என்றார் அண்ணி. "அந்த மூலை நிக்குது, பாருங்க."

"நாளைக்குச் சாயங்காலம் பாய் வராரு. இத மொதல்ல யாரு பேக்குறது?"

"நீங்கதான் மாமா. தட்டுறது, பேக்குறதெல்லாம் உங்க வேல. அடிக்கிறதுதான் என்னுது."

அண்ணன் முறைத்தான். ஆனால் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

சனிக்கிழமை காலை அவன் உளியும் கிரைண்டருமாக இறங்கினான். கொப்புளம் விட்ட இடமெல்லாம் அப்பளம்போல் பெயர்ந்தது. உளியை ஓட்டிக்கொண்டே இடப்பக்கத்து மூலைக்கு வந்தான். உளி வழுக்கியது. சுத்தியலால் தட்டினான். உளிமுனை மழுங்கியது. கிரைண்டரை வைத்தான். கறுப்புத் தூள் பறந்து அவன் முகத்தில் அப்பியதே தவிர, உள்ளே தகரம் தெரியவில்லை.

"வரமாட்டேங்குது. என்னாத்த அடிச்ச நீ?"

அவன் சுத்தியலை ஓங்கிய நேரம் பார்த்து அஷ்ஃபாக் பாய் வந்துவிட்டார். சாயங்காலம் வருவதாகச் சொன்னவர் பொறுக்கமுடியாமல் காலையிலேயே வந்திருக்கிறார்.

"யா அல்லாஹ்! என்னாண்ணே பண்றீங்க என் பானட்ட?"

"சும்மா... டெஸ்ட் பாய்," என்றான் அண்ணன்.

"டெஸ்ட்டெல்லாம் இல்ல பாய்," என்றார் அண்ணி. "தண்ணி தொட்டுத் தொடைச்சிட்டு அடிச்சிட்டேன். கொப்புளம் வந்துடுச்சி. யூனிட் பழக்கம். என் தப்புதான். பேத்துட்டுத் திரும்ப அடிச்சித் தரேன். மத்த பாடியில இன்னும் கை வெக்கல."

பாய் பானட்டைச் சுற்றி வந்தார். அந்த மூலையருகே நின்றார்.

"இங்க மட்டும் இருக்குது?"

"அங்க தண்ணி படல. இவரும் காலைலேர்ந்து பேக்குறாரு."

"குடுங்கண்ணே உளிய."

பாய் சட்டைக்கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். தட்டினார். நெம்பினார். அண்ணன் விடவில்லை. "அப்பிடி இல்ல பாய், சாய்ச்சுப் புடிங்க." "சாய்ச்சுத்தாண்ணே புடிக்கிறேன்." "தள்ளுங்க, நான் காட்டுறேன்." இரண்டு ஆண்பிள்ளைகள் ஒரு கையகல மூலையோடு மல்லுக்கட்டினார்கள். அது அசையவில்லை. கடைசியில் பாய் உளியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். முகமெல்லாம் கறுப்பாக அண்ணனும் சிரித்தான்.

"எனக்கு இந்த மூலைதாங்க்கா வேணும்," என்றார் பாய். "வண்டி முழுக்க."

"பேத்து முடிச்சிட்டீங்கன்னா நான் ஆரம்பிக்கிறேன்," என்றார் அண்ணி.

அந்த மூலையை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் லேசாக உப்புத்தாள் ஓட்டினார்கள். அண்ணி ஸ்பாஞ்சை என் கையில் கொடுத்து, "இத வூட்ல கொண்டு போட்டுட்டு வா. இங்க இருந்தா என் கை சும்மா இருக்காது," என்றார். நான் ஓடினேன். திரும்பி வந்தபோது எல்லாம் தின்னரால் துடைத்து, ஃபேனில் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணி புறங்கையால் தகரத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார், அண்ணனையும் தொடச் சொன்னார். பாயும் கேட்காமலே வந்து தொட்டார்.

கம்ப்ரெசர் உறுமியது. பானட், கதவு, மட்கார்டு. நாங்கள் வாசலில் வரிசையாக நின்றோம். திடீரென்று அண்ணன் கத்தினான்.

"ஏய், கதவு கீழ் ஓரத்த வுட்டுட்டியே!"

அண்ணி கன்னை நிறுத்தினார். மாஸ்க்குக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஐயோ! ஜாடிக்கு அடியில அடிக்க மாட்டோம். சூளைல ஒட்டிக்கும்."

"ஜீப்ப சூளைல வெக்கப்போறியா?"

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அண்ணி தரையில் மண்டியிட்டுக் கீழ் ஓரமெல்லாம் அடித்தார்.

அடித்து முடித்து, கொப்புளம் எழுகிறதா என்று நால்வரும் பார்த்தோம். சினிமாவில்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை. எழவில்லை.

"காஞ்சு எறுகட்டும் பாய். இந்த ஞாயிறு வாணாம், அடுத்த ஞாயிறு எடுங்க," என்றார் அண்ணி. பாய்க்கு அழுகை வராத குறை. ஆனால் ஒத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஏரிக்கு நாங்களும் போனோம். பாய் வேலிக்காத்தான் புதரைத் தேடித் தேடி ஜீப்பைச் செருகினார். முள் உரசும் கிறீச் சத்தத்துக்கு ஒவ்வொரு முறையும் அண்ணி கண்ணை மூடித் திறந்தார். வண்டி கரையேறியபோது கறுப்பா, சேறா என்று தெரியவில்லை. அண்ணன் முந்திக்கொண்டு வாளித் தண்ணீரைக் கதவில் வீசினான். உள்ளங்கையால் வழித்தான். குனிந்து, சாய்ந்து, வெளிச்சத்தில் பார்த்தான். பிறகு அண்ணியைப் பார்த்தான்.

"கீறல் இல்ல."

"நல்லா பாத்தீங்களா?"

"பாத்துட்டேன்டி."

கூட்டாளிகள் வந்து ஆளாளுக்கு நகத்தால் சுரண்டிப் பார்த்தார்கள். நான் போனில் படமெடுத்துத் தள்ளினேன். நாளைக்குப் படிக்கவேண்டிய பாடம் ஒன்றும் எனக்கு நினைவில் இல்லை. அது நல்லதா கெட்டதா என்று யோசிக்கவும் நேரமில்லை.

அப்போது அண்ணனுக்குப் போன் வந்தது. நெய்வேலிக்காரர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டான்.

"குருமூர்த்தி, பெயிண்டரு வேணும்னு சொல்லியிருந்தீங்களே, வரட்டுங்களா?"

அண்ணன் சேற்றுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"வாணாங்க. வூட்லயே ஆள் இருக்குது. நாளைக்கு இன்னும் ரெண்டு ஜீப்பு வரும்போல. ஒங்களுக்கு நேரமிருந்தா உப்புத்தாள் தேய்க்க வாங்க. ஆனா எங்க பெயிண்டரக் கேட்டுக்கணும்." அண்ணியிடம் திரும்பினான். "வரச்சொல்லலாமா?"

அண்ணி ஜீப் கதவில் மிச்சமிருந்த சேற்றை வழித்து எறிந்தார்.

"வரச்சொல்லுங்க," என்றார். "ஸ்பாஞ்சு எடுத்துட்டு வர வாணாம்னு சொல்லிடுங்க."