மேலே போய் வந்தவரும் என் கையெழுத்தும்

எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். மூணாவது வரைக்கும் படித்தது அதுக்காவது உதவுகிறது. அந்தக் கையெழுத்தைக் கேட்டுத்தான் போன தை மாசம் என் தம்பி தன் மகனோடு விழுப்புரத்துக்கு, எங்கள் வீட்டுக்கு வந்தான். திண்டிவனம் ரோட்டோரம் எங்கள் அப்பா விட்டுப்போன நிலம். மனை போட்டு விற்கணுமாம். மகளுக்கும் பங்கு உண்டு, நான் கையெழுத்துப் போடாமல் விற்க முடியாது.

அந்தப் பங்கை நான் முன்னே ஒரு தடவை வாய்விட்டுக் கேட்டேன். அதுக்கே பேச்சை நிறுத்தினான். என் வீட்டுக்காரர் செத்தபோது எனக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். பொழுது சாய்கிற வரைக்கும் பிணத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தோம். வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தன் பெட்டியிலிருந்து எடுத்துவந்த புடவையைத்தான் என்மேல் போட்டார்கள். எட்டு வருஷம் ஆகிறது. ஒரு நாள்கூட மறக்கவில்லை.

வந்தவர்கள் நேராகக் கேட்கவில்லை. தம்பி மகன் போனை எடுத்துக் காட்டினான். விண்வெளிக்குப் போய் வந்த ஒருத்தர் பேசுகிறார். மேலேயிருந்து பார்த்தால் பூமி நீலமாக, ஒத்தையாக இருக்கிறதாம். நாட்டுக்கு நாடு கோடே தெரியவில்லையாம். எதுக்கு இப்படி அடித்துக்கொள்கிறோம் என்று ஆகிவிட்டதாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்குகிறது.

"பாத்தீங்களா அத்தை, அங்கேருந்து பாத்தா என்து உன்துன்னு ஒண்ணுமே இல்ல."

"அப்ப பத்திரத்த எதுக்குடா தூக்கிக்கினு வந்த?"

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். தம்பிதான் முனகினான்: "பழசையே பேசிக்கினு இருந்தா எப்பிடிக்கா?"

"நான் எங்கடா பேசினேன்? உனக்கே ஞாபகம் வருது பாரு."

அந்த மனுஷன் பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். அவ்வளவு உயரம் போயிருந்தால் எனக்கும் ஆத்திரம் அடங்கியிருக்கும். நான் போகவில்லையே. பிணத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தவள் நான். அந்தப் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். கீழே இறங்கினவரால் நிற்க முடியவில்லை, ரெண்டு பேர் தாங்கித் தூக்கிப் போகிறார்கள். மண் அவரையும் சும்மா விடவில்லை.

காப்பி கொடுத்தேன், குடித்தார்கள். கையெழுத்துப் போடவில்லை.

இப்போதெல்லாம் திண்டிவனம் பஸ்ஸில் போனால் அந்த நிலம் இருக்கிற பக்கத்து ஜன்னலோரம் கேட்டு வாங்கி உட்காருகிறேன். என்னைக் கேட்காமல் அவன் நட்ட மனைக்கல் எல்லாம் அப்படியே நிற்கிறது. சுற்றி வேலிக்காத்தான் முள் மண்டிவிட்டது. என் பங்கும் அதுக்குள்ளேதான் வீணாகக் கிடக்கிறது, தெரியும். இருந்தாலும் பார்க்கப் பார்க்க வயிறு குளிர்ந்துபோகிறது.